ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுச் சுட்டால் என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 குண்டுகளில் 630.7 புள்ளி எடுத்துப் பத்தாவது இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர்தான். உடன் சென்ற ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக உள்ளே போனார். இருவருக்கும் இடையே 0.8 புள்ளி. ஒரு குண்டுக்கு அல்ல, அறுபது குண்டுக்கும் சேர்த்து!

இலக்குத் தாளின் நடுவே இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 2.5 மில்லிமீட்டர். அப்படியானால் 0.1 புள்ளி என்பது வெறும் கால் மில்லிமீட்டர். கையும் கண்ணும் மூச்சும் இதைக் காப்பாற்றுவது ஒரு பக்கம். துப்பாக்கிக்குள் இருக்கும் காற்றும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தள்ள வேண்டுமே, அது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது வேலையைச் செய்வது, கட்டை விரல் அளவேயான ஒரு பித்தளைச் சாமான். பெயர் ரெகுலேட்டர்.

நான் சுங்கை பினாங்வாசி. பிழைப்பு ஏர் கம்ப்ரஸர்களோடு. அதனால்தான் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தாள். அவள் சுடும் கழகத் துப்பாக்கியின் ரெகுலேட்டர் பழுதாகிவிட்டது. போட்டிக்கு இரண்டு வாரம். உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். “சித்தப்பா, அதைக் கழற்றி வச்சிட்டு நேரா சுடலாம்னு சீனியர் ஒருத்தர் சொல்றாரு. சுட முடியுமா?”

சுட முடியும் என்பதுதான் உண்மை. 1779 வாக்கில் இத்தாலியரான கிரார்டோனி வடிவமைத்து ஆஸ்திரியப் படை பயன்படுத்திய காற்றுத் துப்பாக்கியில் ரெகுலேட்டர் ஏது? பின்கட்டையே காற்றுக் குடம். அதை நிரப்பச் சுமார் 1,500 முறை பம்ப் அடிக்க வேண்டும். முதல் குண்டு பாய்ந்த வேகம் முப்பதாவது குண்டில் இருக்காது. சிப்பாய் அதற்கேற்பக் குறியை உயர்த்திக்கொள்வான். எதிரே நிற்பது ஆள் என்பதால் ஓரிரு அங்குலம் தவறினாலும் அவனுக்குக் கவலையில்லை. கால் மில்லிமீட்டரை எண்ணுகிறவளுக்கு அது போதுமா?

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். போட்டித் துப்பாக்கியின் சிலிண்டரில் நிரப்புவது 200 பார் காற்று. கார் டயரில் இருப்பது இரண்டு பாரும் கொஞ்சமும்தான். இந்த 200 பாரை அப்படியே குண்டின் முதுகில் அவிழ்ப்பதில்லை. இடையில் இருக்கும் ரெகுலேட்டர் ஒரு சின்ன அறையில் குறைந்த அழுத்தத்தில், பெரும்பாலும் 100 பாருக்குக் கீழே, காற்றைச் சேர்த்து வைக்கும். அதற்குள் ஒரு பிஸ்டன். அதைத் தாங்குபவை தட்டுபோல் குவிந்த ஸ்பிரிங் வளையங்கள். அறை நிரம்பியதும் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி வழியை அடைத்துவிடும். சுட்டதும் அறை காலியாகும், வழி திறக்கும், மறுபடி நிரம்பும். சிலிண்டரில் 180 பார் இருந்தாலும் 110 இருந்தாலும் அறைக்குள் ஒரே அளவு.

வீட்டுக் கேஸ் தோம்பின் ரெகுலேட்டர் மாதிரி என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. தோம்பில் இருப்பது திரவம். கடைசிச் சொட்டு வரை அது ஆவியாகி ஏறக்குறைய ஒரே அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நம் துப்பாக்கியில் இருப்பது வெறும் காற்று. ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தம் இறங்கும்.

சரி, கழற்றிவிட்டால்? வேகம் ஒரே சீராக இறங்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சுத்தி போன்ற ஒரு பாகம் வால்வைத் தட்டித் திறக்கிறது. வால்வுக்குப் பின்னால் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் தட்டு போதாது. வால்வு சற்றே திறந்து பட்டென்று மூடிக்கொள்ளும். முழுச் சிலிண்டரில் முதல் குண்டு மெதுவாகப் போவது இதனால்தான். அழுத்தம் இறங்க இறங்க வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், வேகம் ஏறும். ஓர் உச்சம் வந்து, பிறகு காற்றே போதாமல் வேகம் விழும். வரைந்து பார்த்தால் மலை போன்ற வளைவு. ரெகுலேட்டர் இல்லாமலே வடிவமைக்கப்படும் துப்பாக்கிகள் அந்த மலை உச்சியின் சமதளத்தில்தான் பிழைக்கின்றன. ஆனால் போட்டித் துப்பாக்கியின் சுத்தியும் வால்வும் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. 200 பாரை நேரே விட்டால் வால்வு திறக்காமலே போகலாம். அந்தச் சின்ன அறையும் அதன் ரப்பர் வளையங்களும் அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று எந்தத் தயாரிப்பாளரும் உறுதி தருவதில்லை. முகத்தை அதன் மேல் சாய்த்துத்தான் சுடுகிறோம்.

குறைவாக நிரப்பினால் போச்சு என்பார் அந்தச் சீனியர். அதையும் கணக்குப் போட்டோம். குண்டு விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரில் சுமார் 16 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 5 விழுக்காடு குறைந்தால் தாழ்வு 17.7. கூடுதல் 1.7 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 0.7 புள்ளி. நட்டநடுவில் 10.9 பட வேண்டியது 10.2 ஆகும். பாரிஸில் அறுபது குண்டில் ஏற்பட்ட இடைவெளி கிட்டத்தட்ட ஒரே குண்டில்! குறைவாக நிரப்பினால் சமதளமும் சில குண்டுகளுக்குத்தான். நடுவில் எழுந்துபோய் மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டியவளுக்கு அது நடக்கிற காரியமா?

சட்டமும் உண்டு. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். வைத்திருக்கவும் உரிமம், பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்பதற்காக என் வீட்டு வரவேற்பறையில் பிரித்துப் போட முடியாது. நான் அவளுக்குச் செய்து கொடுத்தது கணக்கு மட்டுமே.

கழகப் பயிற்றுநரிடம் அவள் கேட்ட இன்னொரு கேள்விதான் உருப்படியானது: “முதல்ல இது ஏன் கெட்டுப்போச்சு?” சில நாட்களாகவே அடையாளம் தெரிந்திருக்கிறது. ஓய்வுக்குப் பின் சுடும் முதல் குண்டு மட்டும் வேறிடத்தில் பட்டது. அடைப்பான் முழுதாக மூடாமல் காற்று கசிந்து, அறை அழுத்தம் மெல்ல ஏறியதன் விளைவு. தூசியோ ஈரமோ போதும் அதற்கு. பினாங்குக் காற்றின் ஈரப்பதம் நமக்குத் தெரிந்ததே. ஈரத்தை நீக்காமல் கைப்பம்பால் நிரப்பினால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். உலர்ந்த காற்றுள்ள முக்குளிப்போர் சிலிண்டரிலிருந்து நிரப்புவது மேல். சிலிண்டரின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அனைத்துலகப் போட்டி விதிகளில் அது வீரரின் பொறுப்பு.

போட்டிக்கு அவள் கொண்டுபோனது கழக அலமாரியில் கிடந்த பழைய நெம்புகோல் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை நெம்பிக் காற்றை அடைக்கும் ரகம். எப்போதும் ஒரே அளவு காற்று என்பதால் ரெகுலேட்டரே தேவையில்லை. ஒரு காலத்தில் உலகப் போட்டிகளை ஆண்ட வகை. அறுபது முறையும், அதற்கு முந்தைய பயிற்சிக் குண்டுகளுக்கும் நெம்பியதில் கடைசிப் பத்துக் குண்டில் தோள் நடுங்கியது என்றாள். புள்ளிகள் அங்கேதான் போயின. உதிரிப் பாகம் போட்டி முடிந்த மறு வாரம் வந்து சேர்ந்தது.