நீரை நிறுத்தித் தேசியைப் பூக்கச் செய்தல்

தேசிக்காய் எல்லாத் தோட்டங்களிலும் ஒருங்கே காய்க்கும்போது விலை விழுகின்றது. சந்தையில் அது அருகும் காலத்திற் காய் பெற விரும்பும் கமக்காரருக்கு நீர்ப்பாய்ச்சலே கைகொடுக்கும்.

காரணம்

நீர் குறைவின்றிக் கிடைக்கும் மரம் பெரும்பாலும் தளிரையே தள்ளும். நீர் குறையும்போது தளிர் வளர்ச்சி நின்று, இலைகள் ஆக்கும் உணவு கிளைகளிற் சேர்கின்றது. மீண்டும் நீர் கிடைத்ததும் துளிருடன் பூவும் தோன்றும். இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சை பயிரிடுவோர் கோடையில் இம்முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர்.

செய்முறை

மழை பெய்தால் முயற்சி வீணாகுமாதலின், வறண்ட வலயத்தில் ஆடி மாதத் தொடக்கத்தில் நீரை நிறுத்தல் நன்று. மணற்பாங்கான நிலத்தில் மரம் விரைவில் வாடும். களிமண்ணில் நாள் கூடும். ஆகவே நாட்களை எண்ணுவதிலும் இலையைப் பார்ப்பதே சிறந்தது. நண்பகலிற் சுருளும் இலை மறுநாட் காலையில் நிமிர்ந்தால் மேலும் சில நாள் பொறுக்கலாம். காலையிலும் நிமிராது தொங்கினால் உடனே நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

முதன்முறை அளவாகவும், சில நாட்களின் பின் நிறைவாகவும் பாய்ச்சி, மக்கிய எருவும் இடுக. ஆவணியில் நீர் பெற்ற மரம் ஏறக்குறைய மூன்று, நான்கு வாரங்களிற் பூக்கும். மாரி மழை வலுக்குமுன் பிஞ்சு பிடிக்கும். பூத்து ஏறக்குறைய 5 மாதத்தில், மாசி, பங்குனியளவிற் காய் பறிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

பூவும் பிஞ்சும் உள்ளபோது மண் காய்ந்தால் அவை உதிர்ந்துவிடும். ஆதலின் மழை தொடங்கும்வரை கிணற்றில் நீர் இருக்குமா என்பதை முன்னரே கணித்தல் வேண்டும். மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்கு அருகிலும் வயல் வரம்பிலும் நிற்கும் மரங்களின் வேர்களுக்கு ஈரம் எட்டுவதால் இம்முறை பயன் தராது. இளமரம், நோயுற்ற மரம், காய் நிறைந்த மரம் ஆகியவற்றை வாடவிடலாகாது. அவை பட்டுப்போகவும் கூடும்.

முதலாண்டில் ஓரிரு மரங்களில் மட்டும் செய்து பார்த்தல் அறிவுடைமை. ஒரு மரம் தவறினாலும் தோட்டம் தப்பும். மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.