ஊசி உள்ளே... சிரிஞ்ச் வெளியே!

காய்ச்சல்னு போறோம். 'திரும்பிக்கப்பா'ன்னு சிஸ்டர் சொல்றாங்க. சுருக்! இடுப்பைத் தேய்ச்சுக்கிட்டே வெளியே வந்துடறோம். குத்துன ஊசி முழுசா வெளியே வந்துச்சான்னு என்னிக்காவது பார்த்திருக்கோமா?

பயப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ், ஊசி உடைந்து உடம்புக்குள் தங்குவது ரொம்ப அபூர்வம். ஆனால் நடக்கிறது. அதிலும் பல் டாக்டர்களுக்கு இது பழைய தலைவலி. கீழ்த்தாடை மரத்துப்போக, வாயின் கடைசி மூலையில் ஆழமாக ஊசி போடுவார்கள். அங்கே உடைந்த கேஸ்கள்தான் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் 30 கேஜ் குட்டை ஊசிகள். (கேஜ் நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும். 30 கேஜ் என்றால் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான்!)

எங்கே உடைகிறது என்பதில்தான் நம்ம இன்ஜினீயரிங் இருக்கு. ஒரு ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் நாலு தடவை வளைச்சுப் பாருங்க, பட்டுனு முறியும். மெட்டல் ஃபெட்டீக்! ஊசி தரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். தயாரிக்கும்போதே, அந்தக் குழாயை இப்படியும் அப்படியும் 20 முறை வளைத்து உடையாமல் நிற்கிறதா என்று சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. விதியே உண்டு. ஆனாலும் வளையும் கம்பி, வளையாத பிளாஸ்டிக் அடிப்பாகத்தைச் சந்திக்கும் இடத்தில் அழுத்தம் மொத்தமும் குவிகிறது. முறிவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வசதிக்காக ஊசியை முன்கூட்டியே வளைத்தாலோ, குத்தும்போது பேஷன்ட் துள்ளினாலோ ரிஸ்க் கூடுகிறது.

அதனால்தான் ஊசியை அடிவரைக்கும் இறக்கக் கூடாது, கொஞ்சம் வெளியே விடணும் என்கிறது பாடப்புத்தகம். உடைந்தாலும் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இடுக்கியால் பிடித்து உடனே உருவிடலாம். அடிவரை இறக்கியிருந்தால்? சதை மூடிக்கொள்ளும், கம்பி காணாமல் போகும்.

காணாமல் போன கம்பி சும்மா இருந்தால் பரவாயில்லை. சில சமயம் அதைச் சுற்றி உடம்பே நார்த்திசுவால் ஒரு உறை கட்டி, வருஷக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் இருந்துவிடும். ஆனால் கிருமி புகுந்தால் சீழ் வைக்கும். தாடையில் என்றால் வாயைத் திறக்கவே முடியாமல் போகலாம். தசை அசைய அசைய ஊசியும் இடம் மாறலாம். இன்னும் மோசம், ரத்தக்குழாயில் உடைவது. நரம்பு வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்கள் சிலருக்கு, உடைந்த துண்டு ரத்தத்தோடு பயணம் செய்து இதயத்தில் போய் நின்றதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்னுடுச்சு!

சரி, நம்ம கண் முன்னாடியே உடைஞ்சா என்ன செய்யறது? முதல்ல, ஆடாம அசையாம இருக்கணும். பிதுக்கறது, தடவறது, பிளேடால கீறிப் பார்க்கறது... எல்லாம் கூடவே கூடாது. துண்டு இன்னும் ஆழமா போயிடும். குத்துன இடத்தைச் சுத்தி பேனாவால வட்டம் போட்டுட்டு, நேரா சர்ஜன் இருக்கற ஆஸ்பத்திரி. ஸ்டீல் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியும். இரண்டு கோணங்களில் எடுத்தால் ஆழமும் பிடிபடும். ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டே தேடுவார்கள். வைக்கோல் போரில் ஊசி கதைதான். தோண்டினால் ஆபத்து அதிகம் என்று தோன்றினால், எடுக்காமலே விட்டுக் கண்காணிப்பதும் உண்டு. அப்படி விட்டால், பிற்பாடு எப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் உள்ளே ஊசி இருப்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அங்கே இருப்பது சாதாரணக் காந்தம் இல்லை, பாஸ்!

வீட்டில் இன்சுலின் போடுகிற தாத்தா, பாட்டி இருந்தால் ஒரு நிமிஷம் அவங்க பென்னைக் கவனியுங்க. சிக்கனம் பார்த்து ஒரே ஊசியை நாள்கணக்கில் ஓட்டுவார்கள். முனை மழுங்கும், கம்பி வளையும். வளைந்ததை விரலால் நிமிர்த்திவிட்டு மறுபடி குத்தினால், ஜெம் கிளிப் கதை ஞாபகம் இருக்கில்ல?

இன்னொண்ணு. உடைஞ்ச ஊசியோட மிச்சம் சிரிஞ்சிலேயே இருக்கும். அதைக் குப்பையில போட விடாதீங்க. மூடி பத்திரமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அதே ரகத்துல புதுசு ஒண்ணையும் எடுத்துக்குங்க. புதுசோட நீளத்துல மிச்சத்தைக் கழிச்சாத்தான், எத்தனை மில்லிமீட்டரைத் தேடணும்னு டாக்டருக்குத் தெரியும்.