ரெசிஸ்டர் ஏன் எழுந்து நிற்கிறது?

தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 1984-ல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் மின்னணு ஆலைகளும் உண்டு. வாடிக்கையாளர் தனக்கென்று ஒரு கருவி கேட்டால், இத்துறையில் முதலில் மாதிரி சர்க்யூட் பலகை செய்து பார்த்த பிறகே மொத்த உற்பத்தி. கணினித் திரையில் சர்க்யூட் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. 1 மி.மீ. நீளமும் அரை மி.மீ. அகலமும் உள்ள ஒரு ரெசிஸ்டரை எடுத்துக்கொள்வோம். பலகையில் அதற்கென இரண்டு செம்புத் திட்டுகள். துளையிட்ட மெல்லிய எஃகுத் தகடு வழியாக அவற்றில் ஈயமில்லாத சால்டர் பசையைத் தடவுவார்கள். இயந்திரம் ரெசிஸ்டரை அதன்மேல் வைத்ததும், பலகை அடுப்புக்குள் ஊர்ந்து செல்லும். சுமார் 217 டிகிரி செல்சியஸில் பசை உருகத் தொடங்கும். உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை இரு முனைகளையும் சமமாக இழுத்தால், சற்றுக் கோணலாக வைத்த ரெசிஸ்டர்கூடத் தானே நேராகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது!

ஒரு திட்டு மட்டும் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருந்தால் கதை மாறும். அந்தச் செம்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறு முனையில் சால்டர் முந்தி உருகி இழுக்கும். ரெசிஸ்டர் செங்குத்தாக எழுந்துவிடும். இணைப்பும் போச்சு. தீர்வு வடிவமைப்பில்தான் இருக்கிறது: அந்தத் திட்டைச் செம்புப் பரப்போடு மெல்லிய கோடுகளால் மட்டும் இணைக்க வேண்டும்.

மின்னணுவியல் படிக்கும் மாணவர்களே, பலகையை வரைவதோடு நிறுத்தாதீர்கள். அது அடுப்பிலிருந்து வெளியே வருவதையும் ஒருமுறை நேரில் பாருங்கள்.