செபம் வரவில்லை என்பவர்களுக்கு

1996ஆம் ஆண்டு மாரிகாலம். அக்கராயன் பக்கம் ஒரு பாடசாலை வளவுக்குள் தறப்பாள் கொட்டில்கள். வலிகாமத்திலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த தாயொருவர், தம்மைப் பார்க்க வந்த அருட்சகோதரியிடம் மெல்லிய குரலில் சொன்னார்:

"சிஸ்ரர், ஊரிலை இருக்கேக்க ஒருநாளும் செபமாலை தவறவிட்டதில்லை. இப்ப முழந்தாள்படியிட்டாலும் சொல்லு வருகுதில்லை. வாய் சொன்னாலும் மனம் எங்கையோ போகுது. நான் விசுவாசத்தை விட்டிட்டனோ?"

சகோதரி உடனே பதில் சொல்லவில்லை. "ஊரிலை எப்பிடியம்மா செபம் சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

தாய் சொல்லத் தொடங்கினார். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறவர்கள் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். சுவாமித் தட்டில் விளக்குக் கொளுத்துவார்கள். மாமியார் தொடங்குவா, மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்கள். சின்னதுகள் பாதியில் நித்திரையாகிவிடும். "இப்ப மணியும் இல்லை, தட்டும் இல்லை. மாமியும் சாவகச்சேரியிலை இருக்கேக்க மோசம் போயிட்டா."

"அப்ப மாமி இருந்த இடத்திலை இனி நீங்கள்தான் இருக்கவேணும் போலை" என்றார் சகோதரி.

அந்தத் தாயின் கேள்வி 1990இலும் 1995இலும் 2009இலும் இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களின் கேள்வி. இன்றும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் உறவினர் வளவில் இருப்பவர்களிடமும், திரும்பிப் போயும் பழைய அயலைக் காணாதவர்களிடமும் இதைக் கேட்கிறோம். செபம் மனத்திலிருந்து தானாக ஊறி வருவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு நேரத்தையும், ஓர் இடத்தையும், கூடச் சொல்லும் குரல்களையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பந்தலைப் பிடுங்கிவிட்டால் பாகற்கொடி நிலத்தில் விழும். கொடி பட்டுப்போயிற்று என்று அதற்குப் பொருளல்ல. வேறு தடி நட்டுக் கொடியைத் தூக்கிவிட வேண்டும்.

செபம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றா என்று சிலர் கேட்பதுண்டு. லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசு செபித்து முடித்தபோது, தமக்கும் செபம் சொல்லித்தரும்படி கேட்டவர் ஒரு சீடர். சிறு வயது முதல் யூத செபங்களைக் கேட்டு வளர்ந்த மனிதர்தாம். அப்படிப்பட்டவருக்கே கேட்க வேண்டியிருந்தது. இயேசுவும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, நீண்ட விளக்கமும் கொடுக்கவில்லை. அரை நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய சில சொற்களைக் கொடுத்தார். அந்த மந்திரத்தில் 'நான்', 'எனக்கு' என்ற சொல் ஒரு தடவையேனும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் 'நாங்கள்', 'எங்களுக்கு'. தனியே இருந்து சொன்னாலும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் செபம் அது.

எமது பிள்ளைகள் தோட்ட வேலை பழகியதும் அப்படித்தான். தகப்பன் இறைக்க, பிள்ளை மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும். முதலில் உடைத்துவிடும், பிறகு கட்டும். ஏன் எதற்கு என்று விளங்குவது பிந்தித்தான். செபத்திலும் முதலில் இரவல் சொற்கள், பிறகு சொந்தச் சொற்கள்.

இதில் ஒன்று சொல்லவேண்டும். கத்தோலிக்கராகிய நாம் மனப்பாடத்தில் வல்லவர்கள். சொந்தச் சொல்லில் கடவுளோடு பேசு என்றால் எமக்குக் கூச்சம். மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தே தங்கள் பாட்டில் ஜெபிப்பார்கள். ஒரே முகாமில் இருந்த காலத்தில் அவர்களிடமிருந்து நாமும் எம்மிடமிருந்து அவர்களும் கொஞ்சம் படித்தது இடப்பெயர்வின் அரிதான நன்மைகளில் ஒன்று.

கோயிலும் குருவும் இல்லாத 29 ஆண்டுகள்

'கோயிலே இல்லை, எங்கே செபிப்பது' என்பவர்களுக்கு எமது சொந்த வரலாறே பதில் சொல்லும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் கைமாறின. மாந்தையிலிருந்த குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் காட்டுக்குள் போனதாக மடுத்திருப்பதியின் வரலாறு கூறுகிறது.

யோசப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து ஏழையின் வேடத்தில் இங்கு வந்தது 1687இல். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்றும், அந்த மாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்றும் சொல்லப்படுகிறது. பிறகு சில்லாலையில் தங்கிப் பணிசெய்தார். 2015 ஜனவரி 14இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவரைப் பற்றி நிறையப் பேசினோம். அவர் வருமட்டும் 29 ஆண்டுகள் குருவும் பூசையும் இன்றி வீட்டுக்குள் விளக்கைத் தணித்துவிட்டுச் செபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மாரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த மாலையை இன்னதென்று அறிய ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

மடு மாதாவின் சுரூபமும் 2008 ஏப்ரலில் மீண்டும் இடம்பெயர்ந்தது. தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு அவ்வருடம் ஆவணியில் திரும்பி வந்தது. மாதாவுக்கும் இடம்பெயர்வு தெரியும் என்று எமது மக்கள் சொல்வதில் பகிடியும் உண்டு, ஆறுதலும் உண்டு.

கடவுளோடு கோபிக்கலாமா?

செபம் வராமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே இருப்பது கோபம், வாயில் இருப்பது துதி. இரண்டும் ஒட்டாது. கடவுளிடம் முறைப்பட்டால் குற்றம் என்று எங்களைப் பயமுறுத்தி வளர்த்துவிட்டார்கள்.

விவிலியத்திலுள்ள 150 சங்கீதங்களில் ஏராளமானவை முறைப்பாடுகள். 13ஆம் சங்கீதம் தொடங்கும்போதே 'எவ்வளவு காலத்துக்கு' என்று நான்கு தடவை கடவுளைக் கேட்கிறது. 137ஆம் சங்கீதம் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களின் அழுகை. அந்நிய மண்ணில் பாடு என்றால் எப்படிப் பாடுவது என்று கேட்கிறார்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதலில்லாமல் இருட்டிலேயே முடிகிறது. இவற்றையெல்லாம் வெட்டி எறியாமல் செபம் என்று சேர்த்து வைத்தவர்கள், மனிதனின் வேதனையை அறிந்தவர்கள். சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் முறைப்பாட்டைத்தான்.

தமிழருக்கு இது புதிதுமல்ல. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுல பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஊர்க் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த எமது ஆச்சிமாருக்கு அதைக் கேட்டு அழ யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அழத் தெரிந்தவருக்குச் செபத்தில் பாதி தெரியும்.

பெயரை எந்தப் பக்கம் எழுதுவது?

கார்த்திகை 2ஆம் திகதி மரித்தோருக்கான பூசைக்குப் பெயர்கள் எழுதிக் கொடுப்பது வழக்கம். 2009க்குப் பிறகு பல பங்குகளில் சில தாய்மார் பேனையைக் கையில் எடுத்துவிட்டு எழுதாமலே திரும்பிப் போனார்கள். மகன் காணாமல் ஆக்கப்பட்டவன். இறந்தவர்களின் பட்டியலில் எழுதினால் தானே அவனைக் கொன்றது போலாகும். சுகமாகத் திரும்பிவர வேண்டும் என்று மன்றாடினால், ஒருவேளை அவன் இல்லையென்றால் அவன் ஆத்துமத்துக்கு யார் செபிப்பது என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் நின்று செபத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு.

அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: பெயரை மட்டும் சொல்லுங்கள். இன்னதைச் செய்யும் என்று கேட்க வேண்டியதில்லை. வீட்டில் கூப்பிட்ட பெயராகவே இருக்கட்டும். அவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பது கடவுளுக்குத் தெரியும். எமக்குத் தெரியவேண்டும் என்பது நியாயம், அந்த நியாயத்தைக் கேட்டுத் தெருவில் இருப்பதும் தவறல்ல. செபத்தில் மட்டும் அந்த முடிவை எடுக்கும் பாரத்தைத் தாயின் தலையில் வைக்கத் தேவையில்லை. குருமாரும் ஒரு காரியம் செய்யலாம். அந்நாளில் இரண்டு பட்டியலுக்கும் அப்பால், வெறும் பெயர்களுக்கென ஒரு தாளைப் பீடத்தில் வையுங்கள்.

மன்னிப்புப் பற்றிய பகுதிக்கு வரும்போது கர்த்தர் கற்பித்த செபத்தில் பலருக்குக் குரல் அடைக்கும். பொய்யாகச் சொல்லி முடிக்க அவசரப்பட வேண்டாம். அந்த இடத்தில் நின்று, 'ஆண்டவரே, இன்னும் என்னால் ஏலாது' என்று சொன்னால் அதுவும் செபமே. கெத்சமனியில் இயேசு ஒரே மன்றாட்டை மூன்று தடவை செய்தார். துன்பம் நீங்க வேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. 'உங்கள் விசுவாசம் குறைவு, அதனால்தான் வீடு போனது' என்று உங்களிடம் யாராவது போதித்தால், அந்தத் தோட்டத்தை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

அன்றாட உணவைக் கேட்கும் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. காலபோக நெல்லைக் கட்டி வீட்டுக்குள் அடுக்கியிருந்த காலத்தில், இன்றைக்குரியதை இன்று கேட்பதன் அர்த்தம் எமக்குச் சரியாக விளங்கவில்லை. நிவாரண அரிசியைக் கொத்துக் கணக்கில் அளந்து உலையில் போட்ட பிறகே விளங்கியது. ஆனாலும் செபம் சொல்லிவிட்டோம் என்று அட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். விதானையாரிடம் போகவேண்டியவர் போகத்தான் வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

சிறிதாகத் தொடங்குங்கள். விட்டுப்போன ஐம்பத்துமூன்று மணியை ஒரே இரவில் பிடிக்க முயல்பவர் மூன்றாம் நாள் கைவிடுவார். ஒரு பத்து மணி சொல்ல நான்கு நிமிடம் போதும். மாலை இல்லாவிட்டால் சணல் கயிற்றில் பத்து முடிச்சுப் போடுங்கள், அல்லது விரலை எண்ணுங்கள். எழுத்தறியாத மக்கள் 150 சங்கீதங்களுக்குப் பதிலாக 150 அருள்நிறைந்த மந்திரம் சொன்ன வழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான் செபமாலை. ஆகவே புத்தகம் தொலைந்தது என்று கவலைப்பட வேண்டாம்.

கோயில் மணி இல்லாவிட்டால் வேறொன்றை மணியாக்குங்கள். விளக்குக் கொளுத்தும் நேரம், ஆடு மாடு கட்டும் நேரம், உலை கொதிக்கும் நேரம் எதுவும் ஆகலாம். நேரம் மாறாமல் இருப்பதே முக்கியம். மந்திரம் முடிந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். முதலில் கடனும் மழையும் மகளின் கலியாணமும் நினைவுக்கு வரும். அவற்றைத் துரத்த வேண்டாம், வந்ததையே கடவுளிடம் சொல்லுங்கள். சொந்தச் சொல் அங்கேதான் பிறக்கிறது. பிறகு ஆளுக்கொரு மன்றாட்டு. சின்னவர்களை முதலில் விடுங்கள்; பெரியவர்கள் முந்தினால் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடமாக்கிச் சொல்லும்.

அக்கராயன் தாய் அப்படித்தான் தொடங்கினார். ஜாம் போத்தல் விளக்கு, பத்து முடிச்சுப் போட்ட கயிறு, நாலு பேர். மாமியாரின் இடத்தில் அவரே இருந்தார். முதல் மூன்று நாளும் தம் குரல் தமக்கே வேறு யாருடையதோ போலிருந்ததாகப் பிறகு சகோதரியிடம் சொன்னார். நாலாம் நாள் ஏழு வயது மகன், கேட்காமலே, 1995இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு அவிழ்த்துவிட்டு வந்த சிவப்பிப் பசுவுக்காக மன்றாடினான். அதற்குத் தண்ணீர் வைக்க ஆரும் வேணும் என்றான். வெளிக்கிட்ட நாள் முதல் அழாத அந்தத் தாய் அன்று அழுதார்.

மறுநாள் விளக்குக் கொளுத்தும் நேரம் பக்கத்துக் கொட்டில் சைவப் பெண் தறப்பாளை விலக்கிக்கொண்டு வந்து வாசலில் குந்தினார். "அக்கா, நேற்று மாட்டுக்கும் கேட்டனியள். என்ரை பெடியன்ரை பேரையும் ஒருக்காச் சொல்லுவியளே?" என்று கேட்டார். மகன் நகர்ந்து அவருக்குப் பாயில் இடம் விட்டான்.