'மினா' எங்கே போனது? பாடத்தில் ஒரு பின்னிஷ், பஸ்ஸில் இன்னொரு பின்னிஷ்

ஆப்பில் மாதக்கணக்கில் பின்னிஷ் படித்துவிட்டு ஹெல்சின்கியில் போய் இறங்குகிறவர்களுக்கு முதல் வாரமே ஒரு ஷாக் காத்திருக்கிறது. பாடத்தில் படித்த 'மினா' பஸ்ஸிலும் கடையிலும் அவ்வளவாகக் காதில் விழாது. கேட்பதெல்லாம் 'மா'தான். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: நான்.

என்னவெல்லாம் சுருங்குது?

'நீ' என்று பொருள்படும் 'சினா' பேச்சில் 'சா' ஆகிவிடும். 'நான் இருக்கிறேன்' புத்தகத்தில் 'மினா ஒலென்', வாயில் 'மா ஓன்'. 'எனக்குத் தெரியாதுப்பா' என்ற தொனியில் வரும் 'என் மினா தியெதா' மூன்று சொல். வேகமாகச் சொன்னால் 'எம்மா தீயா' என்று இரண்டாக ஒட்டிக்கொள்ளும்.

ஏன் இப்படி?

பின்னிஷின் இன்றைய எழுத்துநடை பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில், பல வட்டார வழக்குகளைக் கலந்து உருவாக்கப்பட்டது. பேச்சு அதற்காகக் காத்திருக்காமல் தன் வழியில் போனது. இன்னொரு காரணமும் உண்டு. அடிக்கடி புழங்கும் சொற்கள் குட்டையாகவே இருக்கும் என்று அமெரிக்க மொழி ஆய்வாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் 1930-களிலேயே எழுதினார். 'நான்', 'நீ'யைவிட அதிகம் புழங்கும் சொற்கள் எத்தனை இருந்துவிடும்?

அப்போ சுருக்கம்னா கொச்சையா?

இல்லை. பின்னிஷின் உறவு மொழியான எஸ்டோனியனில் 'மினா', 'மா' இரண்டுமே எழுத்திலும் சரிதான். சாதாரணமாக 'மா'; 'நான்தான்' என்று அழுத்திச் சொல்ல 'மினா'.

ஸ்லாவிக் மொழியான போலிஷிலும் இந்த வித்தியாசம் உண்டு. 'கொஹம் சியே' என்றால் 'உன்னைக் காதலிக்கிறேன்'. குட்டை 'சியே'க்குப் பதில் நீளமான 'சியெபியே' போட்டால், 'உன்னைத்தான், வேறு யாரையும் இல்லை' என்ற தொனி வந்துவிடும். இடம் மாற்றிப் போட்டால் சிக்கல்தான்.

செக் மொழியில் குட்டைச் சொற்களுக்கு சீட் நம்பரே உண்டு. 'அவனுக்கு அதைக் கொடுத்தேன்' என்பது 'டல் ஸெம் மு ஹோ'. கடைசி மூன்றும் குட்டைச் சொற்கள். முன்னால் 'நேற்று' என்று சேர்த்தால், 'கொடுத்தேன்' பின்னால் போகும். இந்த மூன்றும் அதே வரிசையில் வாக்கியத்தின் இரண்டாம் இடத்திலேயே நிற்கும். பல பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இந்தப் பழக்கம் இருந்ததை சுவிஸ் அறிஞர் யாக்கோப் வாக்கர்நாகல் 1892-ல் விளக்கினார்.

ரஷ்யனோ குட்டைப் பிரதிப்பெயர்களைத் தொலைத்துவிட்டது. 'தன்னை' என்ற பொருள் கொண்ட 'ஸ்யா' மட்டும் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு தப்பித்தது. ஆனால் பேச்சில் சுருக்கம் நிற்கவில்லை: 'இப்போ' என்பதற்கான 'சிச்சாஸ்', 'ஷாஸ்' ஆகிவிட்டது.

தெரிஞ்சுக்கிட்டா என்ன லாபம்?

பின்லாந்துக் குடியுரிமைக்கு பின்னிஷ் அல்லது ஸ்வீடிஷ் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆபீஸ் கேன்டீனில் நட்பு பிடிக்கப் புத்தக மொழி மட்டும் போதாது. எழுத்தில் 'அது' என்று பொருள்படும் 'ஸே', பேச்சில் 'அவர்' என்பதற்கும் வரும்; அதில் அவமரியாதை எதுவும் இல்லை. தெரியாதவர், சக ஊழியரை 'அது' என்கிறார்களே என்று முகம் சுளிக்கக்கூடும்.

'இருக்கிறது' என்று எழுதிவிட்டு 'இருக்கு' என்று பேசும் தமிழர்களுக்கு இது புதுசு இல்லை. வாயைத் திறக்க 'மினா' போதும். காதுக்கு 'மா'வும் வேண்டும்.