பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் சும்மா கிடக்கிறதா? அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டலாம்!

லேப்டாப்பில் கடைசியாக எப்போது சிடி போட்டீர்கள்? பலருக்கு ஞாபகமே இருக்காது. படம் ஓடிடியில் வருகிறது, பாட்டு செயலியில் ஓடுகிறது, சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்துகொள்கிறோம். ஆனால், 2010-களின் முதல் பாதியில் வாங்கிய பல லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது.

அதே லேப்டாப்பை ஆன் செய்தால், விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும். ஆனால், பெரிய கொள்ளளவு எஸ்எஸ்டிக்குச் செலவு அதிகம். சின்னது வாங்கினால், பல வருடப் போட்டோ, வீடியோவை எல்லாம் எங்கே வைப்பது? இங்கேதான் டிவிடி டிரைவின் இடம் கைகொடுக்கிறது.

என்ன வாங்க வேண்டும்?

டிவிடி டிரைவின் அதே வடிவத்தில் இருக்கும் ஒரு சட்டம்தான் 'கேடி'. அதற்குள் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் தள்ளிவிட்டால் போதும். விலை பொதுவாகச் சில நூறு ரூபாய்தான். கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் 'ஹார்ட் டிஸ்க் கேடி' என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்!

வாங்குவதற்கு முன் டிவிடி டிரைவின் தடிமனை அளந்துவிடுங்கள். பொதுவாக 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டு அளவுகள் உண்டு. மாற்றி வாங்கினால் உள்ளேயே போகாது, அல்லது லொடலொடவென்று ஆடும். மிகப் பழைய லேப்டாப் என்றால், டிவிடி டிரைவின் இணைப்பு சாட்டாவா, அதற்கு முந்தைய ஐடிஇயா என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கேடி வேறு.

எது எங்கே போக வேண்டும்?

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். புது எஸ்எஸ்டியைக் கேடியில் போட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலை சுலபம், ஆனால் பலன் குறைவு.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கக்கூடியது. பல லேப்டாப்களில் டிவிடி டிரைவுக்கான இணைப்பு, ஹார்ட் டிஸ்க் இணைப்பைவிட வேகம் குறைந்தது. முதல் தலைமுறை சாட்டா என்றால் நொடிக்கு 150 எம்பியைத் தாண்டாது. சில மாடல்கள் அந்த இடத்திலிருந்து விண்டோஸை பூட் செய்யவே மறுக்கும்.

எனவே, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கு எஸ்எஸ்டி, கேடிக்கு ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பின் பழைய ஹார்ட் டிஸ்க் பொதுவாக நொடிக்கு 100 எம்பி அளவில்தான் படிக்கும் என்பதால், மெதுவான இணைப்பில் போட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கீழே விழுந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றும் வசதி சில லேப்டாப்களில் அசல் இடத்துக்கு மட்டுமே வேலை செய்யும். ஆன் நிலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மாட்டுவது எப்படி?

முதலில் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். பல மாடல்களில் டிவிடி டிரைவை அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றி டிரைவை வெளியே இழுத்து, அதன் முன்பக்க மூடியைக் கேடிக்கு மாற்றிக்கொள்ளலாம். மூடியைக் கழற்ற டிரைவின் டிரே வெளியே வர வேண்டும். மூடியில் இருக்கும் சின்னத் துளையில் ஊசி மாதிரி ஒரு கம்பியைக் குத்தினால், கரன்ட் இல்லாமலே டிரே வந்துவிடும்.

அடுத்து எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி விண்டோஸ் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் கூடவே இருந்தால், பூட் ஃபைல்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. பின்னாளில் அதைக் கழற்றினால் விண்டோஸ் திறக்காது. எல்லாம் முடிந்த பிறகு கேடியைச் சொருகி, பயாஸில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

இது பேக்கப் ஆகுமா?

ஆகாது. இரண்டு டிரைவ் இருக்கிறது என்ற தைரியத்தில் பலரும் ஏமாறுவது இதில்தான். லேப்டாப் தொலைந்தாலோ, மேலே தண்ணீர் கொட்டினாலோ இரண்டும் சேர்ந்தே போகும். அதோடு, அந்த ஹார்ட் டிஸ்க்குக்கே வயது பத்து வருடத்தைத் தாண்டியிருக்கலாம். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போன்ற இலவச சாஃப்ட்வேரில் அதன் ஆரோக்கியத்தைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை காட்டினால் அதை மீண்டும் மாட்டாதீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவுக்கு அது பாதுகாப்பான இடமில்லை.

செலவு செய்யலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்த மாற்றத்தால் பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடாது. அதற்குப் புதிய தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். பேங்க் வேலைக்கெல்லாம் அந்த லேப்டாப்பையே நம்பியிருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். ரேம் 2 ஜிபிதான் என்றால் அதையும் கூட்டாமல் வேலைக்கு ஆகாது.

இல்லையென்றாலும் எஸ்எஸ்டி வீணாகாது. நாளைக்கே லேப்டாப் படுத்துவிட்டால், அதைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு எக்ஸ்டர்னல் டிரைவாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.