விமான நிலையத்தின் அருகே மர மாளிகை: கணக்குச் சரிவருமா?

மரத்தினால் பெரிய மாடிக் கட்டிடம் என்றதும் எமது வியாபாரிகள் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். தீப்பிடிக்காதா? காடு அழியாதா? இரண்டும் நியாயமான கேள்விகளே. முதலிடுபவர் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வியும் ஒன்றுண்டு: அந்த இடத்துக்கு மரம் பொருத்தமானதா?

ஐரோப்பாவிலுள்ள லக்ஸம்பேர்க் விமான நிலையத்தை அண்டி அமைந்த ‘ஸ்கைபார்க் பிஸ்னஸ் சென்டர்’ இதற்கு நல்ல உதாரணம். டென்மார்க்கின் ‘பிக்’ நிறுவனமும் பெல்ஜியத்தின் ‘ஏ-டூ-எம்’ நிறுவனமும் இதனை வடிவமைத்தன. அலுவலகங்களுக்கும் ஹோட்டலுக்கும் கடைகளுக்குமாகத் திட்டமிடப்பட்ட இது, ஐரோப்பாவின் பெரிய மரக் கட்டிடங்களுள் ஒன்று.

விமான நிலையத்தின் அருகில் காணி விலை அதிகம். வேறு இடமென்றால் உயரமாகக் கட்டிச் செலவை ஈடுசெய்யலாம். இங்கே அது முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நீண்டகால விதிகளின்படி, பெரிய ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீற்றர் வரை 45 மீற்றர் என்பதே பொதுவான உயர எல்லை. ஓடுபாதையை நெருங்க நெருங்க எல்லை மேலும் தாழும். கட்டும்போது நிறுத்தும் கிரேனுக்கும் கட்டுப்பாடு உண்டு. எனவே கட்டிடம் மேலே வளராமல் நீளத்தில் வளர வேண்டும். மரம் இலகுவாகக் கைகொடுப்பது இத்தகைய நடுத்தர உயரத்தில்தான்.

எடையிலும் இலாபம் இருக்கிறது. ஒரு கன மீற்றர் கொங்கிரீட் சுமார் 2,400 கிலோ. அதே அளவு ஊசியிலை மரம் 450 கிலோ அளவில்தான் இருக்கும். அத்திவாரச் செலவும் லொறிப் பயணங்களும் குறையும். பலகைகளைக் குறுக்கு நெடுக்காக ஒட்டிய பெரும் தகடுகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டிக் கொண்டுவந்து பொருத்தலாம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் விமான நிலையத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட புதிய முனையத்தின் மரக்கூரை, விமானத் தளத்தின் ஓரத்தில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு நகர்த்திப் பொருத்தப்பட்டது. நிலையம் மூடப்படவில்லை.

ஆனால் எடை குறைந்தால் ஒலி கூடும். விமான இரைச்சலைத் தடுப்பது பாரம். ஆகவே தளங்களின் மீது கொங்கிரீட் படையும் ஜன்னல்களுக்குத் தடித்த இரட்டைக் கண்ணாடியும் வேண்டும். இந்தச் செலவை முதல் நாளிலேயே கணக்கில் சேர்க்காவிட்டால், மரத்தில் மீதப்படுத்திய பணம் கண்ணாடியில் போய்விடும். ஹோட்டல் அறைக்கும் அலுவலகத்துக்கும் கடைக்கும் தூண் இடைவெளி வேறுபடுவதால் அதனையும் வரைபடத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். குழாய்க்கும் வயருக்கும் துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்படுகின்றன. பிறகு மனம் மாறினால் நட்டம்தான்.

தீ விடயத்தில் அச்சம் பாதி சரி. தடித்த மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் வீதம் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். ஒரு மணி நேரத்துக்கு நாலு சென்ரிமீற்றர் மேலதிகத் தடிப்பு என்று பொறியியலாளர் கணக்கிடுவார். இருந்தும் மரமே எரிபொருள் என்பதால் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் அவசியம். காப்புறுதிக் கம்பனியோடு பேசுவது கட்டிய பின்னரல்ல, வரையும்போதே.

இனிக் காட்டுக் கணக்கு. ஒரு கன மீற்றர் ஊசியிலை மரத்தில், வளிமண்டலத்திலிருந்து எடுத்த ஏறத்தாழ முக்கால் தொன் காபனீரொட்சைட்டு அடங்கியிருக்கிறது. வெட்டிய இடத்தில் மரம் நட்டால்தான் இது வரவு. கட்டிடம் சீக்கிரமே இடிக்கப்பட்டு மரம் எரிக்கப்பட்டால் அந்த வரவு திரும்பப் போய்விடும். ஆகவே மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது முக்கியம். போர்ட்லண்டில் 300 மைல் சுற்றளவுக்குள்ளிருந்தே மரம் எடுத்தார்கள். அதில் பூர்வீகக் குடியினரின் காடுகளும் அடங்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கட்டிடம் எவ்வளவு பசுமையானாலும் பக்கத்தில் பறக்கும் விமானத்தின் புகை குறையாது. கட்டிடத்தின் கணக்கைக் காட்டி விமான நிலையத்தின் கணக்கைச் சுத்தம் செய்ய முற்பட்டால், அது தராசில் விரல் வைப்பதற்குச் சமன். அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை மார்க்கக் கடமையாகக் கொண்ட நாம் இதனை இலகுவில் விளங்கிக்கொள்வோம்.

பசுமை என்ற பெயரில் கூடிய வாடகையோ பங்குப் பணமோ கேட்பவரிடம் மூன்று கடதாசிகளைக் கேளுங்கள்: மரம் வந்த காட்டின் சான்றிதழ், தீ மற்றும் ஒலிப் பரிசோதனை அறிக்கை, கட்டிடத்தைக் கழற்றி மீண்டும் பாவிக்கும் திட்டம். மூன்றும் இருந்தால் பேச்சைத் தொடரலாம். ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.